குழியை மூட வேண்டாம்: சிலை அமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சிலை அமைப்புக் குழுவில் இருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும், மேலக் குடியிருப்பிலிருந்தும் கடற்கரைத் தெருவிலிருந்தும் அதில் சேர்ந்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

நம் பள்ளியில் வேளாண்மைப் பாடம் நடத்தி மறைந்த அக்ரி சாருக்கு மார்பளவுச் சிலை வைக்கப் பழைய மாணவர்கள் ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் தர வேண்டும் என்ற நோட்டீஸ் எனக்கும் வந்தது. பணத்தை எடுத்து வைத்துவிட்டேன், அதில் எனக்கு வழக்கில்லை. நோட்டீஸின் கடைசி வரிதான் இரண்டு இரவு தூங்கவிடவில்லை. "பள்ளித் தோட்டத்தில் பயன்படாமல் கிடக்கும் பழைய கேணிக் குழியை மூடி, அந்த இடத்தில் பீடம் அமைக்கப்படும்."

இதை எழுதியவர் யாரென்று தெரியாது. இளவட்டமாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் குழித் தண்ணீரை ஒரு முறை நாக்கில் வைத்துப் பார்த்தவர் எவரும் பயன்படாத குழி என்று எழுத மாட்டார்.

நான் ப்ளஸ் ஒன்னில் வேளாண்மைத் தொழிற்கல்விப் பிரிவில் சேர்ந்தது 1993-இல். மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடம் என்று அதற்குப் பெயர். "மண்வெட்டி பிடிக்க எதற்குடா பள்ளிக்கூடம்?" என்று அப்பா கேட்டார். முதல் நாள் சார் எங்களை வகுப்பறையில் உட்கார வைக்கவில்லை. நேராகக் கேணிக்கு அழைத்துப் போய், வாளியில் தண்ணீர் இறைத்து, ஆளுக்கு ஒரு கை ஊற்றினார். துப்பினோம். அவர் சிரிக்கவில்லை.

"இந்தக் கேணியில் பன்னிரண்டு அடியில் நல்ல தண்ணீர் கிடந்தது. எனக்கு அது போதவில்லை. அடியில் போர் இறக்கி மோட்டார் வைத்தேன். மூன்றாவது கோடையில் கத்தரிக்கு இலை ஓரம் கருகியது. அதற்கப்புறம் இந்தத் தண்ணீர் திரும்பவே இல்லை. இது நான் செய்த தப்பு. உங்கள் பாடம் இங்கிருந்து ஆரம்பம்."

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. தன் தப்பின் பக்கத்தில் நின்றுகொண்டு பாடம் தொடங்கிய இன்னொரு வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

கடலோரத்தில் மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய்போல மிதந்துகொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். மழைநீர் கனம் குறைந்தது, கடல்நீர் கனம் கூடியது, அதனால் ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறது. கணக்கு என்னவென்றால், மேலே நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால், கீழே உப்பு நீர் ஏறக்குறைய நாற்பது அடி மேலே வரும். வாளியில் இறைத்த காலத்தில் இது நடக்கவில்லை, ஏனென்றால் வாளிக்குக் கை வலிக்கும். மோட்டாருக்கு வலிக்காது. இந்தக் கணக்கைச் சார் கரும்பலகையில் எழுதியதைவிட, கேணிச் சுவரில் முழம் போட்டுக் காட்டியதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு ஊரில் ஒவ்வொருவராகப் போர் போடக் கடனுக்கு அலைந்தபோது, அவர்களையும் அங்கே அழைத்துப் போய்க் கை நீட்டச் சொன்னார். சிலர் திரும்பி வந்து கடன் மனுவைக் கிழித்தார்கள். சிலர் போட்டார்கள். போட்டவர்கள் புஞ்சை இன்று எப்படி இருக்கிறது என்று நான் எழுத வேண்டியதில்லை, வெள்ளை பூத்துக் கிடப்பதைப் பேருந்திலிருந்தே பார்க்கலாம். கடைமடை நிலங்களை இறால் பண்ணைக்குக் குத்தகை கேட்டு ஆட்கள் வந்த காலத்திலும் இதே குழிதான் பேசியது. கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன்பே நம் ஊரில் இரண்டு பேரைத் தவிர யாரும் நிலம் கொடுக்கவில்லை.

மண் விஷயத்தில் அவர் காட்டிய பிடிவாதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. உவரும் களரும் ஒன்று என்று நாம் பேசிக்கொண்டிருந்தோம், இன்றும் பேசுகிறோம். யாராவது அவர் முன்னால் அப்படிச் சொன்னால், பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் திருத்துவார். உவர் என்பது உப்பு மிகுந்த மண். உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன் அதில் 4-க்கு (dS/m) மேல் போகும், கார அமிலத்தன்மை (pH) 8.5-க்குள் நிற்கும். களர் என்பது சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்ட நிலம். அங்கே கார அமிலத்தன்மை 8.5-ஐத் தாண்டும். களருக்கு ஜிப்சம் போட வேண்டும். உவருக்கு வரப்பை உயர்த்தி ஐப்பசி மழையைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்துவிட வேண்டும். நம் ஊர்க் கீழ்ப்புஞ்சை முழுக்க உவர். என் பெரியப்பா மூன்று வருடம் ஜிப்சம் மூட்டைகளாகக் கொட்டிக்கொண்டிருந்தார், எவனோ சொன்னான் என்று. சார் ஒரு நாள் வந்து மூட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "இதை விற்றுவிட்டு வரப்புக்கு ஆள் வையுங்கள், அண்ணே" என்றார். பெரியப்பா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு வரப்புப் போட்டார்.

கடற்கரைத் தெருப் பிள்ளைகள் அந்தப் பிரிவில் சேர ஆரம்பித்தது சார் காலத்தில்தான். வலை வீட்டுப் பிள்ளைக்கு விதைநெல் எதற்கு என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். விதை தேர்வு செய்யும் பாடத்தை அவர் அவர்களை வைத்துத்தான் நடத்தினார். "கடல் தண்ணீர் ஒரு குடம் கொண்டு வாருங்கள்" என்பார். அதில் புதுக் கோழிமுட்டையைப் போடுவார். மூழ்கும். கடல் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று பந்தயம் கட்டியவர்கள் முகம் தொங்கும். பிறகு உப்பைக் கொட்டிக் கரைக்கச் சொல்வார். முட்டை மெல்ல எழும்பி, நாலணாக் காசு அளவுக்குத் தலையைக் காட்டும்போது நிறுத்தி, விதைநெல்லைக் கொட்டுவார். மிதக்கும் பொக்கு நெல்லை அள்ளி எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுவோம். அதன்பின் ஒரு சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தல். புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, மழை பத்து நாள் தள்ளினாலும் நாற்று தாங்குவதற்கான பாடம் அது. அந்த முட்டையை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதில் நடந்த சண்டைகள் தனி. அந்த வகுப்பில் இருந்த கடற்கரைத் தெருப் பெண் ஒருத்தி, தொழிற்கல்வி மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில் மதுரை வேளாண் கல்லூரிக்குப் போனாள்.

ஊர்த் தலைவர் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள். எந்தப் பதவியிலும் அவர் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரே முறை, 2011 உள்ளாட்சித் தேர்தலில் நின்றார், தோற்றார். வீட்டுக்கு வீடு போர் போட்டுத் தருவதாகச் சொன்னவர் ஜெயித்தார். அன்று அவருக்கு ஓட்டுப் போடாத பலர் இன்று குழுவில் இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், என் அப்பாவும் போடவில்லை.

ஆனால் கண்மாய் விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதத்துக்காகத் தலைவர் என்று போடலாம். வைகையே கடலுக்குப் போய்ச் சேராமல் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயிலேயே நின்றுவிடுகிற சீமை இது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று ராஜசிங்கமங்கலத்தைச் சொல்லிப் பெருமைப்படுவோம், நம் ஊர்க் கண்மாயில் நாரை உட்காரவே இடமில்லாமல் வேலிக்கருவை அடைத்திருந்தது. வெட்டினால் போதாது, வெட்டிய இடத்தில் நாலு கொம்பு கிளம்பும், தூரோடு எடுக்க வேண்டும் என்று சார் ஊர்க்கூட்டத்தில் சொன்னார். தெற்குத் தெரு ஆயா ஒருத்தி எழுந்து, "மழை பொய்த்த வருடம் உங்கள் பாடப்புத்தகமா எங்களுக்குச் சோறு போட்டது? கருவையை வெட்டிப் போட்ட கரிமூட்டம்தான் போட்டது" என்றாள். சார் பதில் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அன்று எனக்கு அவர்மேல் வருத்தம்கூட வந்தது.

அடுத்த கூட்டத்துக்குக் கண்மாயைத் தாளில் வரைந்து எடுத்து வந்தார். மடைக்கு முன்னால் நீர் தேங்கும் பள்ளம் முழுக்கத் தூர் எடுப்பது, மேட்டுப் பக்கம் கருவையை விட்டுவைப்பது, அதை ஏலம் விடாமல் கரி மூட்டும் வீடுகளுக்கு முறை வைத்துக் கொடுப்பது. ஏலப் பணம் போகுமே என்று திருவிழாக் கமிட்டி முறைத்தது. ஆயா தலையாட்டினாள். அது போதுமாக இருந்தது.

சார் ஓய்வு பெற்றபின் அந்தப் பணியிடம் நிரப்பப்படவில்லை, பிரிவே இல்லாமல் போய்விட்டது. 2018-இல் நம் மாவட்டத்தை முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். கல்வியும் வேளாண்மையும் அந்தத் திட்டத்தின் முக்கியத் தலைப்புகள். நம் பள்ளியில் அந்த இரண்டும் ஒரே மனிதராக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நடமாடிக்கொண்டிருந்தன. அந்தப் பணியிடத்தைக் கேட்டுப் போட்ட மனுக்களின் கதையை இங்கே எழுதப் போவதில்லை.

தோட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அறுபது சென்ட். அதை நீங்கள் வெறும் இடமாகப் பார்க்கிறீர்கள். அது இந்த ஊரின் விதைப் பாத்தியாக இருந்தது. உருண்டையாகக் காய்க்கும் நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டாசு வெடித்தோம். நம் புஞ்சைகளில் இன்று காய்க்கும் முண்டு எவ்வளவு முண்டாக இருக்கிறது? பாதி நீண்டுவிட்டது. மிளகாய்ப் பூ அக்கம்பக்கத்து மகரந்தத்தை வாங்கும் பூ. பக்கத்துப் புஞ்சையில் நீளமான சம்பா மிளகாய் பூத்தால், நாம் எடுத்துவைக்கும் விதையில் அடுத்த வருடம் அது தெரியும். விதைக்கு விடும் பாத்தி மற்ற ரகத்திலிருந்து 200 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். ஒரு பக்கம் ஊருணி, ஒரு பக்கம் விளையாட்டு மைதானம், ஒரு பக்கம் பள்ளிக் கட்டடம் என்று அப்படித் தனித்து நிற்கிற நிலம் ஊரில் அது ஒன்றுதான். உருண்டையான, தோல் சுருங்காத பழங்களைப் பார்த்துப் பொறுக்கி, சார் வருடாவருடம் வீட்டுக்கு ஒரு கைப்பிடி விதை கொடுத்தார். வாங்காத வீடு இருந்தால் சொல்லுங்கள். கமிஷன் மண்டியில் நம் சரக்குக்குக் கிடைத்த தனி விலை அந்தக் கைப்பிடியில் வந்தது.

பீடமும் சுற்றி வேலியும் நுழைவு வளைவுக்குச் சிமெண்ட் பாதையும் வந்தால் அறுபதில் இருபது சென்ட் போய்விடும். மிச்சத்தில் நிழல் விழும்.

சிலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்தில் வையுங்கள், பள்ளி வாசலில் வையுங்கள். அவர் வெயிலில் நிற்கப் பழகியவர்தான். கேணியை மட்டும் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் விழாமல் இருக்க இடுப்பளவு சுவரும் கம்பி வலையும் போதும், அதற்கான செலவு என்னுடையது. சேரும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் வாரம் இரண்டு நாள் தோட்டப் பாடம் நடத்த ஓர் ஆளை வைக்க முடியுமா என்று பாருங்கள். வேளாண்மை படித்துவிட்டு ஊரில் சும்மா இருக்கும் பிள்ளைகள் நமக்கே மூன்று பேர் இருக்கிறார்கள்.

அவசரத்துக்குக் காரணம் ஒன்று உண்டு. போன மாதம் துக்கம் கேட்கப் போனபோது, சார் வீட்டு அம்மா பரணிலிருந்து ஒரு மண்கலயத்தை இறக்கிக் கொடுத்தார். சாம்பலில் புரட்டிய முண்டு விதை, ஏறக்குறைய அரைக் கிலோ. கடைசியாக அவர் கையால் எடுத்தது. எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. மிளகாய் விதை இரண்டு வருடம் தாண்டினால் முளைப்பு விழுந்துவிடும். நூறு விதையைத் துணியில் கட்டி முளைக்க வைத்துப் பார்த்தேன், அறுபத்து நான்கு முளைத்தது. வரும் புரட்டாசிக்குள் ஊன்றியாக வேண்டும். அதற்கு முன் அறுபது சென்ட்டில் கருவையைத் தூர் எடுத்து, இரண்டு உழவு ஓட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கலயத்தோடு வருகிறேன். அதுவரை பொக்லைனுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
1995-ஆம் ஆண்டு தொழிற்கல்விப் பிரிவு மாணவன் ஒருவன்