டெத் வேலி மண் ரோட்டுக்குப் போறவங்களுக்காக இதையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கலிஃபோர்னியா பாலைவனத்துல இருக்கற டெத் வேலி தேசியப் பூங்கா பத்தி வந்த பயணக் கட்டுரையைப் படிச்சேன், அங்க ரேஸ்ட்ராக் பிளாயாங்கற வத்திப்போன ஏரித் தரையில தானா நகர்ற கல்லு படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா நம்ம பேப்பர்ல அமெரிக்கான்னாலே சுதந்திர தேவி சிலை, நயாகரா, லாஸ் வேகாஸ்னு அதோட முடிஞ்சுடும். நான் தெற்கு கலிஃபோர்னியாவுல இருக்கேன், குளிர்காலம் வந்தா அந்தப் பாலைவனத்து மண் ரோடுங்களுக்குப் போகாம என்னால இருக்க முடியாது, அதனாலதான் எழுதறேன். அந்த இடம் எவ்வளவு அழகுன்னு பக்கம் பக்கமா சொன்ன கட்டுரைல, எப்படிப் போறதுங்கறதுக்கு இருந்தது ஒரே ஒரு வரி. வேகாஸ்ல ஒரு கார் வாடகைக்கு எடுத்தா ஒரே நாள்ல பாத்துட்டுத் திரும்பிடலாம்னு. தயவுசெஞ்சு அந்த வரியைத் திருத்திப் போடுங்க, அதை நம்பி குழந்தை குட்டியோட கிளம்பற குடும்பங்க இருக்கு.

கணக்குப் பாருங்க. வேகாஸ்ல இருந்து பூங்காவுக்குள்ள இருக்கற ஃபர்னஸ் க்ரீக்ங்கற சின்ன ஊருக்கு வர ரெண்டு ரெண்டரை மணி நேரம், அங்கிருந்து யுபிஹீபி எரிமலைப் பள்ளத்துக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல, அதுவரைக்கும் தார் ரோடு, எந்த காரும் போகும். அதுக்கு அப்புறம் பிளாயா வரைக்கும் 27 மைல், அதாவது 43 கிலோமீட்டர், முழுக்க மண்ணும் சரளையும். ரோடு பூரா நெளி நெளியா மேடு பள்ளம், வண்டி உதறற உதறல்ல போல்ட்டு நட்டு கழண்டு விழுந்துடுமோன்னு பயமா இருக்கும், மெதுவா போனா ஒரு வழிக்கே ரெண்டு மணி நேரம் ஆகும். இதுல வண்டி உதறறது பெரிய விஷயமே இல்ல. அந்தச் சரளைக் கல்லு ஒவ்வொண்ணும் கூரா இருக்கும், டயரோட அடிப்பக்கத்தைக் குத்தினா பஞ்சர் போட்டுக்கலாம், பக்கவாட்டுல கிழிச்சா ஒட்டவே முடியாது, ஸ்டெப்னி மாட்டித்தான் ஆகணும், வாடகைக் காருல இருக்கறதோ அந்தச் சின்ன ஸ்டெப்னி, சிலதுல அதுவும் கிடையாது. அங்க போன்ல சிக்னல் இருக்காது. வண்டியை இழுத்துட்டுப் போற டோ டிரக் வரவழைச்சா செலவு ஆயிரம் டாலரைத் தாண்டிடும், இதுல வாடகைக் கார் அக்ரிமென்ட்டுகள்ல பெரும்பாலும் தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாதுன்னே எழுதியிருப்பாங்க, இன்சூரன்ஸும் கை கொடுக்காது.

அப்ப போகவே கூடாதான்னு கேட்டா, கட்டாயம் போகணும்! நல்ல உயரமான வண்டி, கனமான டயர், முடிஞ்சா முழு சைஸ் ஸ்டெப்னி ரெண்டு, கையோட ஏர் கம்ப்ரஸர், மண் ரோடு ஆரம்பிக்கறப்பவே டயர்ல கொஞ்சம் காத்தை இறக்கிட்டு மெதுவா ஓட்டணும், அவ்வளவுதான். சீசன்ல ஃபர்னஸ் க்ரீக் பக்கமே இதுக்குன்னு டயர் போட்ட ஜீப் வாடகைக்குக் கிடைக்கும், செலவு அதிகம்தான், ஆனா வாழ்நாள் கனவுன்னு சொல்ற ஒரு பயணத்துக்கு அந்தக் காசைக் கணக்குப் பாக்க வேண்டாம்னு நான் சொல்வேன். வழியில ஜோஷுவா மரங்க வரும், டீகெட்டில் ஜங்ஷன்ல போற வர்றவங்க பேர் எழுதித் தொங்க விட்ட கெட்டிலுங்க காத்துல ஆடிட்டு இருக்கும், அதையெல்லாம் அவசரமா தாண்டிப் போகறதுல என்ன இருக்கு?

பிளாயா கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,130 மீட்டர் உயரத்துல இருக்கற ஒரு வத்திப்போன ஏரி, நம்ம ஊர் ஏரி கோடையில வெடிச்சுக் கிடக்குமே அந்த மாதிரி தரை, ஆனா அவ்வளவும் ஒரே மட்டமா இருக்கும். அதுமேல கல்லுங்க, ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாடியும் இழுத்துட்டுப் போன தடம், சில கல்லு 300 கிலோவுக்கும் மேல. உங்க கட்டுரைல இதை இன்னும் விடுபடாத மர்மம்னு போட்டிருக்கீங்க, அது சரியில்ல. ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் நோரிஸ், அவரோட உறவுக்காரர் ஜேம்ஸ் நோரிஸ் ரெண்டு பேரும் வெளியில இருந்து கொண்டு வந்த கல்லுல ஜிபிஎஸ் கருவி பொருத்தி வெச்சுக் காத்திருந்தாங்க, 2013 டிசம்பர்ல அவங்க கண்ணு முன்னாடியே கல்லு நகர்ந்துச்சு, 2014ல ஆய்வுக் கட்டுரையா வெளியாச்சு. மழைத்தண்ணி மெலிசா தேங்கும், ராத்திரி குளிர்ல மேல ஐஸ் பிடிக்கும், சில மில்லிமீட்டர் கனம்தான், காலைல வெயில் பட்டு அது உடைஞ்சு பெரிய பெரிய தகடா மிதக்கும், லேசான காத்து அந்தத் தகட்டைத் தள்ளும், தகடு கல்லைத் தள்ளும், அடியில சேறு வழுக்கும். நிமிஷத்துக்கு ரெண்டுல இருந்து அஞ்சு மீட்டர் வேகம். உலகத்துலயே வெப்பத்துக்குப் பேர் போன ஒரு இடத்துல ஐஸ் கல்லைத் தள்ளுதுன்னா எனக்கு அந்த மர்மத்தை விட இதுதான் பெரிய அதிசயம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, அந்தத் தரை ஈரமா இருக்கறப்ப ஒருத்தர் கால் வெச்சா போதும், அந்தக் காலடி வருஷக்கணக்கா அப்படியே நிக்கும். கல்லு தடம் நிக்கற அதே காரணத்தாலதான் நம்ம தடமும் நிக்குது. 2016ல யாரோ ஒருத்தர் வண்டியை பிளாயா மேலயே ஓட்டிட்டுப் போய் மைல் கணக்குல டயர் தடம் போட்டாங்க. கல்லையே தூக்கிட்டுப் போறவங்களும் இருக்காங்க, வீட்டுல கொண்டு போய் வெச்சா அது வெறும் கல்லு, அங்க மிச்சம் இருக்கறது சொந்தக்காரன் இல்லாத ஒரு தடம். ஈரமா இருந்தா உள்ள இறங்காதீங்க, ஓரத்துல நின்னு பாத்துட்டுத் திரும்புங்கன்னு ஒரு வரி போட்டா எவ்வளவு நல்லா இருக்கும்.

போன் மேப்பை நம்பறது அடுத்த பிரச்சினை. அந்தப் பூங்கா சுமார் 13,700 சதுர கிலோமீட்டர், அதுல 90 சதவீதத்துக்கு மேல மனுஷக் கை படாத இயற்கை நிலமா சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, உள்ள நூறு வருஷத்துக்கு முன்னாடி சுரங்கக்காரங்க போட்ட பாதைங்க நிறைய, பலதும் வெள்ளத்துல அரிச்சுப் போயிடுச்சு, சிலது மூடியே விட்டாங்க, ஆனா மேப்ல மட்டும் ரோடுன்னு கோடு காட்டும். 1996 ஜூலைல ஜெர்மனில இருந்து வந்த ஒரு குடும்பம், ரெண்டு பெரியவங்க ரெண்டு பிள்ளைங்க, வாடகை வேன்ல தெற்குப் பக்கம் உள்ள போய்க் காணாமப் போனாங்க. வேன் அக்டோபர்ல அன்வில் கேன்யன்ல கிடைச்சுச்சு, மூணு டயர்ல காத்தே இல்ல. பெரியவங்களோட எலும்பு கிடைக்க 2009 ஆச்சு. இதைப் படிக்கறப்பல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும், லீவுக்கு வந்த ஒரு சாதாரணக் குடும்பம் சார் அது, நம்மள மாதிரி. அதனாலதான் பேப்பர் மேப் கையில இருக்கணும், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது நாலு லிட்டர் தண்ணி, அதுக்கு மேல ரெண்டு மூணு நாளைக்குச் சேர்த்து, எந்த வழியா போறோம் எப்ப திரும்புவோம்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட எழுதிக் கொடுக்கறது, சாட்டிலைட்ல மெசேஜ் அனுப்பற கருவி, வண்டி நின்னுட்டா வண்டியை விட்டு நடக்காம அதுகிட்டயே இருக்கறது, இதையெல்லாம் நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

அதே பூங்காவுல இருக்கற சலீன் வேலிங்கற பள்ளத்தாக்குக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீங்க, வெந்நீர் ஊத்து பத்தி. அங்க இருந்து உப்பை இன்யோ மலைக்கு மேல தூக்கி அந்தப் பக்கம் இறக்கறதுக்காக 1911ல கட்ட ஆரம்பிச்ச ரோப்வே கோபுரங்க இன்னும் நிக்குது. 2024 ஏப்ரல்ல சேத்துல மாட்டின வண்டியை இழுக்க ஒருத்தர் அதுல ஒரு கோபுரத்துல விஞ்ச் கம்பியைக் கட்டினாரு, வண்டி வெளிய வந்துச்சோ இல்லையோ 113 வருஷம் நின்ன கோபுரம் சாஞ்சுடுச்சு. மழை பெஞ்ச பிறகு ரோடு நிலவரம் பாக்காம போறதோட பலன் இது. மழையும் அங்க சாதாரணம் இல்ல, 2023 ஆகஸ்ட் 20ந் தேதி ஹிலரி புயலோட மிச்சம் ஒரே நாள்ல 2.2 இன்ச் கொட்டுச்சு, கிட்டத்தட்ட ஒரு வருஷத்து மழை, பூங்காவை அக்டோபர் பாதி வரைக்கும் மூடியே வெச்சாங்க, மண் ரோடுங்க பலது அதுக்கப்புறமும் உடனே திறக்கல. பூங்கா நிர்வாகம் ரோடு நிலவரத்தை அப்பப்ப வெளியிடுது, கிளம்பற அன்னிக்குக் காலைல அதைப் பாத்தே ஆகணும்.

யாருமே இல்லாத செத்த பூமின்னு நீங்க எழுதினதும் எனக்கு வருத்தம். டிம்பிஷா ஷோஷோனி பழங்குடி மக்கள் காலங்காலமா அங்க வாழறவங்க, கோடையில மலை மேல ஏறி பைன் கொட்டை சேகரிப்பாங்க, கீழ மெஸ்கீட் காய் பறிப்பாங்க, இன்னிக்கும் ஃபர்னஸ் க்ரீக்ல அவங்க கிராமம் இருக்கு, 2000ல வந்த சட்டப்படி 7,500 ஏக்கருக்கு மேல நிலம் அவங்களுக்குத் திரும்பக் கிடைச்சுச்சு. வடக்க யுரேகா மணல் மேடு 200 மீட்டருக்கு மேல உயரம், அந்த மணல்ல மட்டுமே முளைக்கற புல்லு ஒண்ணு இருக்கு, உலகத்துல வேற எங்கயும் கிடையாது, அதனாலதான் அங்க பலகை வெச்சுச் சறுக்கக் கூடாதுன்னு தடை. இதெல்லாம் தெரிஞ்சுட்டு அங்க நிக்கறவங்களுக்கு அந்த இடம் வேற மாதிரி தெரியும்.

கடைசியா ஒண்ணு. ஊர்ல இருந்து அப்பா அம்மா பிள்ளைங்களைப் பாக்க வர்றது பெரும்பாலும் மே, ஜூன், ஜூலைலதான், அப்ப வேகாஸ் கூட்டிட்டுப் போறவங்க அப்படியே டெத் வேலியும் காட்டிடலாம்னு நினைப்பாங்க. 2024 ஜூலைல அங்க பகல் ராத்திரி எல்லாம் சேர்த்து மாச சராசரியே 42.5 டிகிரி செல்சியஸ், அந்த மாசம் பேட்வாட்டர்ங்கற தாழ்வான உப்புத் தரைப் பக்கம் மோட்டார் பைக்ல வந்த ஒருத்தர் வெப்பத்துல இறந்துட்டாரு, அந்தச் சூட்டுல ஹெலிகாப்டரால வர முடியல. வயசானவங்களோட கோடையில போனா விடியக்காலைல சப்ரிஸ்கி பாயிண்ட், அப்புறம் மேல குளிர்ச்சியா இருக்கற டான்டேஸ் வியூ, தார் ரோட்டோட நிறுத்திட்டு பத்து மணிக்குள்ள திரும்பிடணும். மண் ரோட்டுக் கனவெல்லாம் நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள வெச்சுக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை இணைப்புல ஒரு சின்ன பெட்டிச் செய்தியா இதைப் போட்டாலே போதும் சார், அந்தப் படத்தை வெட்டி வெச்சிருக்கறவங்க இதையும் சேர்த்து வெட்டி வெச்சுக்குவாங்க.

இப்படிக்கு,
தெற்கு கலிஃபோர்னியாவுல இருந்து உங்க வாசகர்