கல்லக்காவும் வேர்க்கடலையும் ஒன்று என்று அந்த ஏஐக்குத் தெரியவில்லை, கண்ணு

கண்ணு,

நேற்று ராத்திரி போனில் நீ வேகமாகப் பேசினாய், எனக்கு அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, பாதிதான் காதில் விழுந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி அனுப்பினால் நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து ரெண்டு தரம் படிப்பீர்கள்.

உன் கடைக்கு ஏஐ போடப் போகிறாய். வாட்ஸ்அப்பில் வருகிற ஆர்டரை அதுவே எடுக்கும், கேள்வி கேட்டால் அதுவே பதில் சொல்லும், அடுத்த வாரம் எவ்வளவு மாவு பிசையணும் என்றும் சொல்லும், ஒரு வருஷப் பணத்தை முன்னாலேயே கட்டினால் தள்ளுபடி, மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லணும். இவ்வளவுதானே? வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. காவேரிப்பட்டிணத்தில் 22 வருஷமாக நிப்பட்டு, அதுதான் நம்ம ஊர் அரிசி மாவுத் தட்டை, தட்டி விற்கிறவள் நான், கையால் அரைத்ததை விட்டு மெஷினுக்கு மாறினேன், மெழுகுவர்த்தியில் கவர் ஒட்டியதை விட்டு சீலிங் மெஷின் வாங்கினேன். புதுசு என்றால் எனக்குப் பயம் கிடையாது. ஆனால் மெஷின் கெட்டால் மாவு கெடும், அதோடு போச்சு. இது உன் பெயரில் பேசப் போகிறது, அதுதான் என் கவலை.

சோதித்துப் பார்க்க அந்த ஏஐ விற்கிறவர்கள் ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள் என்று அனுப்பியிருந்தாய் இல்லையா, மத்தியானம் வேலை முடிந்ததும் அதற்கு ஒரு மெசேஜ் போட்டேன். ‘நிப்பட்டுல கல்லக்கா போடுவீங்களா?’ என்று, நம்ம ஊர்க்காரர்கள் கேட்கிற மாதிரியே கேட்டேன். உடனே பதில் வந்தது: ‘இல்லை, எங்கள் நிப்பட்டில் கல்லக்கா சேர்ப்பதில்லை, நீங்கள் கவலையில்லாமல் சாப்பிடலாம்.’ எனக்கு நெஞ்சு பக்கென்றது. அப்புறம் ‘வேர்க்கடலை இருக்கா?’ என்று கேட்டேன், ‘ஆம், வறுத்த வேர்க்கடலை சேர்க்கிறோம்’ என்று சரியாகச் சொன்னது. நீ கொடுத்த பொருள் பட்டியலில் வேர்க்கடலை என்றுதான் இருந்திருக்கும், கல்லக்கா என்ற சொல் இல்லை, அதனால் இல்லை என்று சொல்லிவிட்டது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், கடையில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கவலையில்லாமல் சாப்பிடலாம் என்று எப்படிச் சொன்னது?

கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் இருக்கிறார்கள் கண்ணு. சிலருக்கு ஒரு துண்டு போனாலே தொண்டை வீங்கி மூச்சு முட்டும். கடலை சேர்த்திருந்தால் கவரில் தனியாகச் சொல்லணும் என்று 2020-ல் வந்த உணவு லேபிள் விதியிலேயே இருக்கிறது, நாமும் போடுகிறோம். கவரில் ஒன்று, போனில் வேறொன்று என்று இருந்து, ஒரு தாய் போனில் வந்ததை நம்பிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் யாரைக் கேட்பாள்? சாப்ட்வேர் விற்றவனையா கேட்பாள்?

உன் தம்பி ஒரு வழக்கைப் படித்துக் காட்டினான். கனடாவில் ஏர் கனடா விமானக் கம்பெனி, இணையதளத்தில் பதில் சொல்ல இப்படி ஒன்றை வைத்திருந்தது. பாட்டி இறந்துபோனதால் ஊருக்குக் கிளம்பிய ஒருத்தர் அதனிடம் சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டிருக்கிறார், இப்போது முழுக் காசு கொடுத்து டிக்கெட் எடுங்கள், 90 நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் சலுகைப் பணம் திரும்ப வரும் என்று சொல்லியிருக்கிறது. கம்பெனியின் விதி அப்படி இல்லை, அதனால் தர முடியாது என்றார்கள். விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே கம்பெனி என்ன வாதாடியது தெரியுமா? அந்த சாட்பாட் ஒரு தனி ஆள் மாதிரி, அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்று. 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது, அதெல்லாம் செல்லாது, உங்கள் தளத்தில் வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்லி, செலவு வட்டி எல்லாம் சேர்த்து 812 கனடா டாலர் கொடுக்க வைத்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது ஒன்றும் இல்லை. நாலு பெண்களை வைத்து நடத்துகிற உன் கடைக்கு ஒரு கெட்ட பெயர் போதும்.

உனக்கு ஏஐ விற்கிறவர்கள் தரும் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படி. பதில் தவறாக இருந்தால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று எங்காவது ஒரு வரி இருக்கும். இருந்தால் அந்த வரியை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

அப்புறம், போன் எடுக்கிற அந்தப் பெண்ணை நிறுத்திவிடலாம் என்று சொன்னாயே, அது எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. சம்பளம் மிச்சம் என்பது சரிதான். ஆனால் நீ பத்தாவது படிக்கும்போது ஒரு ஆடி மாதம் நடந்தது ஞாபகம் இருக்கா? போச்சம்பள்ளிச் சந்தைக்குச் சரக்கு எடுக்கிறவர் ஒருத்தர், பர்கூரிலிருந்து ஒரு அம்மா, நம்ம தெருவிலேயே ஒருத்தர், மூன்று பேரும் ஒரே வாரத்தில் நிப்பட்டில் சிக்கு வாடை லேசாக வருகிறது என்றார்கள். முதல் ஆள் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது ஆள் சொன்னதும் உங்கப்பா எழுந்து போய் எண்ணெய் டின் ஒவ்வொன்றையும் திறந்து மோந்து பார்த்தார், புதுசாக வந்த நாலு டின்னில் ரெண்டு கெட்டுப்போயிருந்தது. அன்றைக்கே கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுத்தோம். மூன்று பேருக்கும் ஒரு மெஷின் தனித்தனியாக ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று அனுப்பிவிட்டு அடுத்த ஆர்டரைப் பார்க்கப் போயிருந்தால் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பூண்டு போடாத நிப்பட்டு என்று ஒன்று போடுகிறோமே, அதுவும் போனில் ஒரு பெரியவர் கேட்டுக் கேட்டு வந்ததுதான். குறை சொல்ல வருகிறவர் குரலை நீ கேட்கணும், இல்லை உன்னிடம் வந்து சொல்லும் ஒரு ஆள் கேட்கணும்.

இன்னொன்று, ஜிபேயில் பணம் போட்டுவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்களே, அதில் பொய் ஸ்கிரீன்ஷாட் இப்போது சாதாரணமாகிவிட்டது. அந்தப் பெண் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பார்சல் கட்டுகிறாள். அந்த ஏஐ படத்தைப் பார்த்தே ஓகே சொல்லுமா, கணக்கில் பணம் விழுந்ததைப் பார்த்துச் சொல்லுமா என்று கேள். படத்தைப் பார்த்துத்தான் என்றால் ஆர்டர் எடுக்கிற வேலையை அதனிடம் கொடுக்கவே கொடுக்காதே. எப்போதாவது ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்குப் போன் போடு.

நம் அளவையும் அதில் ஏற்றப் போகிறேன் என்றாய். எத்தனை படி அரிசி மாவுக்கு எவ்வளவு பொட்டுக்கடலை, காய்ந்த எண்ணெய் எத்தனை கரண்டி ஊற்றிப் பிசையணும், இது உன் பாட்டி கையில் இருந்து வந்தது, எழுதிக்கூட வைக்காதது. அதைக் கொண்டுபோய் ஊர் பேர் தெரியாத கம்ப்யூட்டரில் கொட்டாதே. 2023-ல் சாம்சங் கம்பெனியில் வேலை பார்த்தவர்களே ரகசியமான புரோகிராமைச் சாட்ஜிபிடியில் போட்டுவிட்டார்கள், கம்பெனி பதறி, அந்த மாதிரி ஏஐ எதையும் இங்கே பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. வாடிக்கையாளர் நம்பரும் விலாசமும் அதே மாதிரிதான். அவர்கள் நிப்பட்டு வாங்க உன்னிடம் கொடுத்தது அது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, தரவைப் பத்திரமாக வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி வரை போகலாம். உன் மாதிரி சின்னக் கடைக்கு அவ்வளவு போட மாட்டார்கள், ஆனால் சட்டம் கேட்கிற பொறுப்பு உன்னுடையது. எந்த ஊரில் வைக்கிறார்கள், எத்தனை நாள் வைக்கிறார்கள், அவர்கள் ஏஐக்குப் பாடம் கற்றுக்கொடுக்க நம் பேச்சை எடுத்துக்கொள்வார்களா, நிறுத்தினால் அழிப்பார்களா, இதையெல்லாம் எழுத்தில் வாங்கு. வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

மாவு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்வது பற்றி எனக்குப் பாதி நம்பிக்கைதான். போன வருஷம் இதே நாளில் எவ்வளவு விற்றது என்று பார்த்துத்தானே அது சொல்லும்? நம்ம ஊர் மயானக்கொள்ளை சிவராத்திரியை ஒட்டி வரும். சிவராத்திரி 2024-ல் மார்ச் 8, 2025-ல் பிப்ரவரி 26. இங்கிலீஷ் தேதியைப் பார்த்து மாவு பிசைந்தால் திருவிழா முடிந்த பிறகு சரக்கு குவிந்து கிடக்கும். அதையாவது சொல்லிக்கொடுத்துவிடலாம். 2025 மாங்காய் சீசனை யார் சொல்லிக்கொடுப்பார்கள்? கிருஷ்ணகிரி மண்டியில் தோத்தாபுரி மாங்காய் கிலோ ஐந்து ஆறு ரூபாய்க்கு விழுந்தது, ஜூனில் ஆந்திராவில் சித்தூரில் வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று தடை வேறு போட்டார்கள், பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. தோட்டத்துக்காரர் கையில் காசு இல்லை என்றால் நம் கடைக்கும் இல்லை, அந்த ரெண்டு மாதம் நான் பாதி மாவுதான் போட்டேன். மண்டிப் பக்கம் ஒரு நடை போய் வந்ததால் தெரிந்தது. அது சொல்லும் கணக்கை வாங்கிப் பார், ஆனால் ரெண்டு மாதம் உன் கணக்கையும் பக்கத்தில் எழுதிவை, எது சரியாக வருகிறது என்று பார்.

பணத்தை ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டாதே, இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 2011-ல் பில் போட ஒரு சாப்ட்வேர் வாங்கினோம், விற்றவர் நல்லவிதமாகத்தான் பேசினார், எட்டு மாதம் கழித்து அது திறக்கவில்லை, பாஸ்வேர்டு அவரிடம், அவர் போன் சுவிட்ச் ஆப். யார் யார் எவ்வளவு பாக்கி என்பது முழுக்க அதற்குள்ளே. உங்கப்பா பழக்கத்தை விடாமல் சின்ன நோட்டில் பென்சிலில் குறித்து வைத்திருந்தார், அதனால் பிழைத்தோம், அப்படியும் குறிக்காமல் விட்ட ரெண்டு கடைப் பாக்கி போனது போனதுதான். இதில் உன் வாட்ஸ்அப் நம்பர் யார் கணக்கில் இருக்கும்? ஏழு வருஷமாக எல்லாப் பார்சல் கவரிலும் அடித்த நம்பர் அது. நாளைக்கு இவர்களோடு ஒத்துவரவில்லை என்றால் நம்பரும் பழைய பேச்சும் முழுசாக உன் கைக்கு வருமா? இதற்கு நேரான பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதே.

நானும் ஏஐயைப் பயன்படுத்துகிறேன் தெரியுமா? பெங்களூர் கடைக்காரர் இங்கிலீஷில் விவரம் கேட்டார், தம்பி அதில் எழுதிக் கொடுத்தான், நான் எழுதுவதைவிட நன்றாக வந்தது. ஆனால் நடுவில் ஆர்கானிக் அரிசியில் செய்தது என்று ஒரு வரியை அதுவாகச் சேர்த்திருந்தது. நம் அரிசி மில்லில் வாங்கும் சாதா அரிசி. சான்றிதழ் இல்லாமல் ஆர்கானிக் என்று விற்பது குற்றம், அனுப்பியிருந்தால் வார்த்தை நம்முடையதாகியிருக்கும். தம்பி திரும்பப் படித்ததால் அடித்தோம். இந்த மாதிரி வேலையைக் கொடு அதற்கு: கடிதம், நோட்டீஸ், கணக்குக் கூட்டல், நீ படித்துப் பார்த்த பிறகு வெளியே போகிற எதுவும். படம் மட்டும் வேண்டாம், நேற்று நீ அனுப்பிய ஏஐ படத்தில் நிப்பட்டு பிஸ்கட் மாதிரி மழமழவென்று இருந்தது, ஓரம் வெடிக்காத நிப்பட்டை நான் பார்த்ததே இல்லை. நம் தட்டில் வைத்து போனில் எடு.

அவர்களிடம் ஒரு மாதம் மாதக் கட்டணத்தில் கேள். அந்த ஒரு மாதமும் பதிலை அது எழுதட்டும், அந்தப் பெண் படித்துவிட்டு அனுப்பட்டும். என்னென்ன இருக்கு, எத்தனை நாள் தாங்கும், பணம் திரும்ப வருமா, இந்த மூன்று கேள்விக்கும் அது வாயே திறக்கக் கூடாது, ஆளிடம் தள்ளிவிடணும். நம் பக்கத்துச் சொல்லெல்லாம் தம்பி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறான், கல்லக்கா, மல்லாட்டை, கடலைக்காய் எல்லாம். நம்ம ஊரில் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று பக்கத்து வீட்டிலும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். தாள் நாளைக்கு வாட்ஸ்அப்பில் வரும், ஒவ்வொன்றாக அந்த நம்பருக்குப் போட்டுப் பார், என்ன பதில் வந்தது என்று எனக்கு அனுப்பு.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பார்சல் போடுகிறேன், ரெண்டு கிலோ நிப்பட்டும் கொஞ்சம் ராகி மாவும் இருக்கும். காலையில் ஆறு மணிக்கு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்.

அம்மா