சிறுவன் கையில் கத்தி கொடுத்தவர் மீது என்ன வழக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னைக் கொலைச் செய்திகளின் கடைசிப் பத்தியில், கைதானவர்களில் ஒருவரோ இருவரோ 17 வயதுச் சிறுவர்கள் என்றும், அவர்கள் கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்டார்கள் என்றும் ஒரு வரி அடிக்கடி வருகிறது. பெயரை வெளியிடாமல் விடுகிறீர்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தச் சிறுவன் கைக்குக் கத்தி எப்படி வந்தது, கொடுத்தவர் யார், அவர் மீது என்ன வழக்கு என்பது மறுநாளும் வருவதில்லை, தீர்ப்பு நாளிலும் வருவதில்லை. வியாசர்பாடியில் பிறந்து, அங்கேயே படித்து, இன்றும் அங்கேயே குடியிருப்பவன் என்ற முறையில் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு பையன் இன்ன தேதியில் கும்பலில் சேர்ந்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் போய், மறுதேர்வும் எழுதாமல், கம்பெனி வேலைக்கு வயதும் நிரம்பாமல் தெருமுனையில் நிற்கும் ஓராண்டு, ஈராண்டுக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. முதலில், ‘தம்பி, ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வா’ என்பார்கள். மீதிச் சில்லறையைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். பிறகு பிரியாணி, தீபாவளிக்கு ஒரு சட்டை, அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்று. மஃப்டியில் போலீஸ் தெருவுக்குள் நுழைந்தால் போன் அடிப்பது அடுத்த வேலை. அதன்பின் ஒரு பையை ஒரு வீட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டில் வைக்க வேண்டியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது என்பதை அதற்குள் அவனே தெரிந்துகொண்டிருப்பான். என்னோடு படித்து இப்படிப் போனவர்கள் மற்றவர்களைவிட முரடர்கள் அல்லர். அவர்களில் ஒருவன் எங்கள் வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரன்.

‘உனக்கு இன்னும் பதினெட்டு ஆகல, கேஸை நீ எடுத்துக்கோ, மூணு மாசத்துல வந்துடலாம், வக்கீல் செலவை நாங்க பார்த்துக்கறோம்’ என்ற பேச்சு கடைசியில் வருகிறது. இந்த வாக்குறுதி பொய் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, 16 வயது நிறைந்தவன் கொலை போன்ற கொடுங்குற்றத்தில் சிக்கினால், அவனைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் முதலில் ஆராயும். அப்படி விசாரிக்க, வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகவும் கூடும். அப்படியே சீக்கிரம் வெளியே வந்தாலும், அவன் முகம் போலீஸாருக்கும் தெரியும், எதிர்க்கோஷ்டிக்கும் தெரியும். இனி அவன் பக்கத்துப் பேட்டைக்குத் தனியாகப் போக வேண்டுமானாலும் அதே அண்ணனின் ஆட்கள் கூட வரவேண்டும். சிறு வயது வழக்கின் பதிவுகளை, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பெரும்பாலான வழக்குகளில் அழித்துவிட வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு. எங்கள் தெருவிலோ பொங்கல் வந்தாலும் தேர்தல் வந்தாலும் போலீஸார் முதலில் தட்டுவது அவன் வீட்டுக் கதவைத்தான்.

சிறுவர்களைக் குற்றத்துக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கென்று சட்டம் இல்லாமல் இல்லை. சிறார் நீதிச் சட்டத்தின் 83(2) பிரிவின்படி, தனியாகவோ கும்பலாகவோ அப்படிச் செய்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம். 2024 ஜூலை முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 95ஆம் பிரிவு இன்னும் கடுமையானது: குற்றம் செய்யச் சிறுவனை ஏவியவருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, ஏவிய குற்றம் நடந்துவிட்டால், அதை அவரே செய்ததாகக் கொண்டு அதற்குரிய தண்டனையும் சேரும். நானும் தினமும் செய்தித்தாள் படிப்பவன்தான். ஒருவர் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார் என்று படித்த அளவுக்கு, இந்தப் பிரிவுகளில் ஒருவர் தண்டிக்கப்பட்டார் என்று படித்த நினைவில்லை.

பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2018 பிப்ரவரியில் சென்னையை அடுத்த மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டியதும், அங்கே எழுபதுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டதும் எல்லா இதழ்களிலும் படத்தோடு வந்தன. அதன் பிறகு நடுத்தெருவில் கத்தியால் கேக் வெட்டி, வீடியோ எடுத்துப் போட்டுக் கைதான இளைஞர்கள் எத்தனை பேர் என்பதைத் தங்கள் பழைய இதழ்களே சொல்லும். (வியாசர்பாடிப் பிள்ளைகள் கால்பந்து ஆடுவதைப் படம் பிடிக்கவும் நிருபர்கள் வருகிறார்கள், ஆனால் எப்போதாவதுதான்.)

எனவே, கொலை வழக்கில் சிறுவர்கள் பிடிபட்டதாகக் காவல் துறை அறிவிக்கும் ஒவ்வொரு முறையும், 95ஆம் பிரிவு முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கப்பட்டதா, யார் மீது சேர்க்கப்பட்டது என்று தங்கள் நிருபர் கேட்க வேண்டுகிறேன். ‘இல்லை’ என்று பதில் வந்தால் அதையும் அந்தச் செய்தியிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை-39.