பெயிண்ட் பிறகு ஆகட்டும்

பொள்ளாச்சி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பாருவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி நீ அனுப்பிய 60,000 ரூபாய் வந்து சேர்ந்தது. அதில் ஒரு ரூபாயைக்கூட நான் பெயிண்டுக்குச் செலவழிக்கவில்லை. கேட்காமல் செய்ததற்காக நீ வருந்தக்கூடும். காரணத்தைப் படித்துவிட்டுச் சொல்.

இந்தக் காலத்துக் கார்களில் பாடியே சட்டமாகவும் நிற்கும். ஹெரால்டு அப்படியல்ல, லாரியைப் போலக் கீழே சேஸ் என்னும் தனிச் சட்டமும், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய பாடியும் கொண்டது. நடுவிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகள்தான் பாடியைத் தாங்குகின்றன. தோப்புச் சாளையில், மாட்டுக் கொட்டகையை ஒட்டி, தேங்காய் நார்த்தூளின் ஈரத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் நின்ற வண்டி இது. ஆடிச் சாரல் வேறு ஒவ்வோர் ஆண்டும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு கீழ்ப்பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது முன்பக்கம் ணங்கென்று ஒலித்தது. வலது பக்கப் பின்கையில் பொத்தென்று ஒரு சத்தம். அங்கே ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன், பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. துளைக்குள் விரலை விட்டால் துருச்செதிலும் நார்த்தூளும் கைப்பிடி கைப்பிடியாக வந்தன. மேலே எத்தனை பளபளப்பாகப் பெயிண்ட் அடித்தாலும், இந்தக் கைகளின்மேல் என் பேரப்பிள்ளைகளை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

துருவின் மேலேயே ஒரு தகட்டை ஒட்டிக் கருப்பு அடித்துவிடலாம், 5,000 ரூபாயில் முடியும் என்று ஒருவர் சொன்னார். உள்ளே துரு தின்றுகொண்டே இருக்க, வெளியே தெரியாமல் மறைப்பதற்குப் பணம் கொடுப்பானேன் என்று மறுத்துவிட்டேன். ஆவாரம்பாளையத்துப் பட்டறைக்காரர் ஒருவர் நம் சாளைக்கே மெஷினோடு வந்து செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். பாடியைக் கழற்றித் தூக்கினால் கூலி இரட்டிப்பாகும் என்பதால், பாடி இருந்தபடியே ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் வெட்டி மாற்றினோம். வெட்டுவதற்கு முன் கொத்தனாரின் தூக்குக்குண்டைச் சேஸின் நான்கு மூலையிலிருந்தும் தொங்கவிட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து, மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு கையும் முடிந்தவுடன் அதே அளவுகளைச் சரிபார்த்து, கதவுகள் இடிக்காமல் மூடுகின்றனவா என்றும் பார்த்தோம். பேட்டரியின் இணைப்பை எடுத்து, பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தோப்புக்குள் தள்ளி வைத்த பிறகே வெல்டிங்கைத் தொடங்க விட்டேன். 2 மில்லிமீட்டர் தகடு உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஆர்க் வெல்டிங் மெல்லிய பழைய தகட்டைப் பொத்துவிடும் என்று, வாயு பாய்ச்சி மெல்லிய கம்பியால் ஒட்டும் சிஓ2 வெல்டிங்தான் வைத்தார். அதுவும் ஒரே இழுப்பாக இழுக்காமல், சூட்டில் சேஸ் முறுக்கிக்கொள்ளாதபடி இங்கே ஓர் அங்குலம், அங்கே ஓர் அங்குலம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். அவருடைய பொறுமைக்கே தனியாகக் கூலி கொடுத்திருக்க வேண்டும்.

ஸ்டியரிங்கின் நிலை இதைவிட மோசமாக இருந்தது. உன் அம்மா வண்டிக்குள் உட்கார்ந்து அதை மெதுவாக இருபுறமும் அசைக்க, நான் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கு விரல் அகலம் சுற்றிய பிறகே சக்கரம் அசைந்தது. ஸ்டியரிங்கின் சுற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் வெட்டிய தண்டுதான் ரேக். அதைப் பிடித்திருக்கும் ரப்பர்கள் மாவாகி, சக்கரத்தைத் திருப்ப வேண்டிய ரேக் தானே இடமும் வலமும் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த ரப்பர்களும் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகளான இரண்டு டை ராடு எண்டுகளும் மாற்றியதில் பாதித் தளர்ச்சி போய்விட்டது.

மீதித் தளர்ச்சி டிரன்னியனில் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடிமுனையில் மரை வெட்டி, அதை டிரன்னியன் என்ற கன்மெட்டல் (வெண்கல வகை) கட்டைக்குள் முறுக்கியிருப்பார்கள். சக்கரம் திரும்புவதே அந்த மரையில்தான். 25 அடிக்குள் வட்டம் போட்டுத் திரும்பும் இந்த வண்டியில் அதன் உழைப்பு அதிகம். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். நம் வண்டிக்கோ எத்தனையோ ஆண்டுகளாகக் கிரீஸ் அடித்து வந்திருக்கிறார்கள். அது மரைக்குள் சரியாக இறங்காததால் தண்ணீர் தேங்கி இரும்பு அரித்துவிட்டது. வலது பக்கத்தைக் கழற்றித் துடைத்தபோது, மரையின் அடிவாரத்தில் நகத்தில் மாட்டும் அளவுக்கு ஒரு கீறல் தெரிந்தது. ஓடும்போது அது முறிந்தால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். கன்மெட்டல் கட்டையைக் கோயமுத்தூர் லேத்தில் கடைந்து வாங்கலாம். அந்த இரும்பை மட்டும் வெல்டு வைத்தோ லேத்தில் நகல் எடுத்தோ போட நான் சம்மதிக்க மாட்டேன். செலவைக் குறைக்கும் இடம் அதுவன்று.

இதில்தான் உன் உதவி வேண்டும். 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் இந்தக் காரைக் கொண்டுவந்த நிறுவனம், இங்கிலாந்தில் நீ இப்போது குடியிருக்கும் கோவென்ட்ரியில்தான் இருந்தது. அந்த நாட்டில் இதற்கு இன்றும் உதிரிபாகம் விற்கிறார்கள். செங்குத்து இரும்பும் டிரன்னியனும் இரண்டு பக்கத்துக்கும் புதிதாக வாங்கு. ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. ஒரே பக்கத்துக்கு இரண்டு வாங்கிவிடாதே. கனமான இரும்பு, கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டு எடுத்து வா.

சேஸுக்கும் ஸ்டியரிங்குக்கும் இதுவரை 34,000 ரூபாய் ஆயிற்று. மீதி 26,000 அப்படியே உன் கணக்கில் இருக்கிறது; பாகங்களின் விலையை எழுதினால் அதிலிருந்து அனுப்பிவிடுகிறேன். நீ வரும்வரை வண்டி கட்டைமேல்தான் நிற்கும்.

அன்புடன்,
அப்பா