சென்சரை மாற்றுவதற்கு முன் வயரை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் கார், வான் வைத்திருப்போர் பலருக்கும் ஏற்படும் ஒரு வீண் செலவைப் பற்றித் தங்கள் பத்திரிகை வாயிலாக எழுத விரும்புகிறேன். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் பழுதைக் காட்டும் ஸ்கேனர் கருவியைப் பொருத்தி, அது காட்டும் குறியீட்டில் எந்தச் சென்சரின் பெயர் வருகிறதோ அதையே கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டும் வழக்கம் எமது பகுதிக் கராஜ்கள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. மின்சாரத்தை அளக்கும் மீற்றரை எடுத்து அளந்து பார்ப்பவர்கள் அருகிவிட்டனர்.

கடந்த ஆவணி மாதம் எனது சிறிய பெற்றோல் காரில் அந்த விளக்கு எரிந்தது. புகைபோக்கியில் பெற்றோல் வாடை வீசியது. வழமையாக ஒரு கிழமைக்குப் போதுமான பெற்றோல் ஐந்து நாளில் தீர்ந்தது. கராஜில் கிடைத்த குறியீடு பி0113. எஞ்சினுக்குள் இழுக்கப்படும் காற்றின் வெப்பநிலையை அறியும் சென்சரின் சுற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். சென்சர் பழுது என்று அந்தக் குறியீடு சொல்லவில்லை. சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. ஆனால் வவுனியாவிலிருந்து பாவித்த சென்சர் ஒன்று வரவழைத்துப் பூட்டப்பட்டது. இரண்டு நாளில் விளக்கு மீண்டும் எரிந்தது. இன்னொன்று பூட்டப்பட்டது. அதுவும் பலிக்காதபோது, எஞ்சினின் கணினிப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

அதற்குப் பணம் திரட்ட முடியாத நிலையில்தான், வாகனத் தொழினுட்பம் கற்ற என் மருமகன் முறையான ஓர் இளைஞரிடம் காரைக் காட்டினேன். அவர் முதலில் சென்சரைத் தொடவில்லை; அது வேலை செய்யும் விதத்தை எனக்கு விளங்கப்படுத்தினார். உள்ளே இருப்பது வெப்பம் கூடக் கூட மின்தடை குறையும் ஒரு சிறு உறுப்பு. 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 பாகையில் சில நூறு ஓம் மட்டுமே என்ற அளவிலும் பெரும்பாலான சென்சர்கள் காட்டும். கணினிப் பெட்டி 5 வோல்ட்டை அனுப்பி, அதில் எவ்வளவு எஞ்சுகிறது என்பதைக் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. வயர் எங்காவது அறுந்தால் மின்னழுத்தம் குறையவே குறையாது; காற்று மறை 40 (-40) பாகையில் உறைந்து கிடப்பதாகக் கணினி எண்ணிக்கொள்ளும். அவ்வளவு குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது என்பதால் அதற்கேற்பப் பெற்றோலை அள்ளிக் கொடுக்கும். ஆவணி வெயிலில் என் கார் பெற்றோலைக் குடித்ததற்குக் காரணம் அதுவே.

பிறகு அவர் சென்சரின் பிளக்கைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு ஸ்கேனரைப் பார்க்கச் சொன்னார். இணைத்ததும் மின்தடை இல்லாமல் போவதால், வயரும் கணினியும் நலமாக இருந்தால் அளவு மறை 40 இலிருந்து 140 பாகைக்கு அருகிலோ மேலோ தாவ வேண்டும். தாவியது. ஆனால் அவர் வயர்க் கட்டைச் சற்று வளைத்ததும் மீண்டும் மறை 40. விட்டதும் மீண்டும் உயர்ந்தது. பிளக்கிலிருந்து நாலு விரற்கடை தள்ளி மேலுறையைக் கீறிப் பார்த்தோம். சிறுபோக நெல் மூடைகள் அடுக்கிய கொட்டிலின் அருகே கார் நின்ற நாட்களில் எலி கடித்த தடம் அங்கே இருந்தது; உள்ளே செப்பிழைகள் பச்சை பிடித்து, இரண்டோ மூன்றோ மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. கெட்ட பகுதியை வெட்டி நீக்கி, அதே தடிப்புள்ள வயரை ஈயம் வைத்து ஒட்டி, சூடாக்கினால் சுருங்கும் உறையை இட்டு மூடினார். அரை மணி நேரத்துக்கும் குறைவான வேலை. அதன் பின் இன்றுவரை விளக்கு எரியவில்லை.

கழற்றிய பழைய சென்சரை நான் வாங்கி வைத்திருந்தேன். அதன் நுனியை மட்டும் வெந்நீரில் பிடித்து, மீற்றரில் பார்த்தோம். ஓம் அளவு இடையில் எங்கும் துள்ளாமல் சீராக இறங்கியது. நீர் ஆற ஆறச் சீராக ஏறியது. பழுதென்று எறியச் சொன்ன பொருளில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட வேதனை செலவழிந்த பணத்தால் மட்டும் வந்ததன்று.

இச்சோதனையைச் செய்பவர்கள் ஓர் எச்சரிக்கையை மறக்கக் கூடாது. பல ஜப்பானிய கார்களில் இந்தச் சென்சர் தனியாக இராமல், காற்றின் அளவை அறியும் சென்சரோடு சேர்ந்து ஐந்து முனைப் பிளக்கில் இருக்கும். அங்கே எந்த இரு முனைகள் வெப்பநிலைக்கு உரியவை என்பதை வரைபடத்தில் பார்க்காமல் இணைத்தால், 12 வோல்ட் முனை தவறாகத் தொட்டு, கணினிப் பெட்டி உண்மையாகவே பழுதாகிவிடலாம். அதேபோல், கிரவல் வீதிகளில் ஓடும் வாகனங்களில் எயார் கிளீனர் சரியாக மூடப்படாவிட்டால் செம்புழுதி சென்சரில் படிந்து அதன் வேகத்தை மந்தமாக்கும். அதற்கென விற்கும் தெளிப்பானால் கழுவ வேண்டுமேயன்றித் துணியால் தேய்க்கக் கூடாது. மாங்குளம் சந்தியில் நடு வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் அளவு 60 பாகையையும் எட்டலாம். எஞ்சினின் சூடு ஏறியதால் வருவது அது, ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடும். சென்சர் பொய் சொல்கிறதா என்று அறிய, இரவு முழுவதும் நின்ற காரில் விடியற்காலை எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்ப்பதே சிறந்தது. காற்றின் வெப்பநிலையும் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையும் அப்போது ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் எமது பிள்ளைகள் வாகனத் தொழினுட்பம் பயில்கிறார்கள். அத்தகைய பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு, ஏற்கெனவே கராஜ் நடத்துபவர்களுக்கும் அங்கு வேலை செய்யும் இளைஞர்களுக்கும் மீற்றரால் சுற்றை அளக்கும் ஒருநாள் பயிற்சிகளைப் பிரதேச செயலக மட்டத்தில் நடத்துமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாகன உரிமையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு: எந்தச் சென்சரை மாற்றச் சொன்னாலும், மாற்றுவதற்கு முன் அளந்த அளவைக் காட்டும்படியும், கழற்றிய பொருளை உங்கள் கையில் தரும்படியும் தயங்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.