மலையகக் கூரைக்கு எந்தக் கட்டணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனில் எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் இருக்கிறது, மின்சாரக் காரும் இருக்கிறது. வீட்டுப் பாவனையாளர் விரும்பினால், நேரத்துக்கு நேரம் மின்சார விலை மாறும் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை மிக அதிகம். அப்புறம் அதிகாலை 5.30 வரை மிகக் குறைவு. நள்ளிரவில் காரைச் சார்ஜ் செய்பவருக்கு நல்ல லாபம்தான். ஆனால் சமையல், பிள்ளைகளின் படிப்பு, சுடுநீர் (இந்தக் குளிரில் அது ஆடம்பரமல்ல) எல்லாம் விழுவது அந்த உச்ச நேரத்தில். பகல் மின்சாரத்தைச் சேமிக்கப் பற்றரி இல்லாத வீட்டுக்குக் கையைச் சுடும்.

தென்மேல் பருவமழை மாதங்களில் இங்கே வெயிலைக் காண்பதே அரிது. சோலார் விற்றவர் எனக்குத் தந்த மின் உற்பத்தி மதிப்பீடோ கொழும்பு வெயிலுக்குப் போட்டது! சோலார் விற்பவர்கள் அந்தந்த ஊருக்கு, மாதவாரியாக, தமிழிலும் கணக்கு எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
ஹட்டன்.