மிலிட்டரிக்காரர் தோட்டம்

ரெட் கிளிப்ஸ், விக்டோரியா
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். வீட்டில் எல்லாரும் நலமென்று அம்மா சொன்னாள். வீடியோ காலில் "சாப்பிட்டியா, மழை உண்டா" என்ற ரெண்டு கேள்வியோடு போன் அம்மா கைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் யார் கையிலும் கொடுத்துவிட்டு எழுந்து போக முடியாது.

அறுவடை முடிந்தது. கொடியில் இலை பழுத்து உதிர ஆரம்பித்துவிட்டது. நம்மூரில் கவாத்து பண்ணினால் நாலைந்து மாதத்தில் மறுபடி குலை தொங்கும். இங்கே வருஷத்துக்கு ஒரே காய்ப்பு. ஜூன், ஜூலையில் கொடியெல்லாம் மொட்டைக் குச்சியாக நிற்கும். வந்த முதல் வருஷம் பட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தவன் நினைக்கக் கூடாததுதான், ஆனால் நினைத்தேன். கல்தூண் பந்தலும் கிடையாது. வேலி மாதிரி நீளநீளமாகக் கம்பி கட்டி அதில் ஏற்றிவிடுகிறார்கள்.

வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர் மழைகூட இல்லாத செம்மண் காடு இது. தண்ணீர் முழுக்க மர்ரே ஆற்றிலிருந்து பம்ப் பண்ணி ஏற்றுவது. நம் வீட்டில் பென்னிகுயிக் படம் மாட்டியிருப்பது மாதிரி இங்கே சாஃபி சகோதரர்கள். கனடாவில் பிறந்து, கலிபோர்னியாவிலிருந்து வந்து 1887இல் பக்கத்து மில்டுராவில் பாசனத்தை ஆரம்பித்தவர்கள். பொங்கல் மட்டும் யாரும் வைப்பதில்லை.

முதலாளிக்கு வயது 78. பதினெட்டு வயசுப் பையன்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். எனக்கு இன்னும் வாயில் வரவில்லை. உங்களுக்குப் பெரியவர் என்றே எழுதுகிறேன்.

இன்றைக்கும் பழைய முறையில் கிஸ்மிஸ் போடுகிற ஆள் அவர். தகரக் கூரைக்கடியில் கம்பிவலையை அடுக்கடுக்காக இழுத்துக் கட்டிய நீளமான பரண்கள். பச்சைத் திராட்சையை, நம்ம ஊரில் தாம்சன் சீட்லெஸ் என்போமே அதேதான், கொத்துக் கொத்தாக அதில் பரப்பிவிட்டுப் பொட்டாசியம் கார்பனேட்டும் எண்ணெயும் கரைத்த தண்ணீரைத் தெளிக்க வேண்டும். பழத்தோலில் வெள்ளையாகப் படிந்திருக்குமே ஒரு மெழுகு, அதை இந்தக் கரைசல் உடைத்துவிடும். அப்புறம் சீக்கிரம் காயும், கறுக்காமல் பொன்னிறமாக வரும். நாலு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ தேறும். காய்ந்ததும் பரணை உலுக்கிக் கீழே கொட்டி, சாக்கு விரிப்பில் கடைசி வெயில் காட்டுவார்கள். பெரியவர் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறப்பார். ஒட்டாமல் உதிர்ந்தால் சரி. ஈரம் பார்க்கிற மெஷின் ஷெட்டில் இருக்கிறது, அதைத் தொடமாட்டார்.

இந்த நிலம் அவர் தாத்தாவுக்கு சர்க்கார் கொடுத்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு நிலம் என்று அறிவித்து, இந்த ஊரில் 1920லிருந்து ஏறத்தாழ 700 பேருக்கு ஆளுக்குப் பதினைந்து ஏக்கர் மாதிரிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இனாம் இல்லை, கடன். அப்போது இது முழுக்க மாலி என்கிற யூகலிப்டஸ் புதர்க் காடு. தரைக்கு மேலே புதராகத்தான் தெரியும், அடியில் கிழங்கு மாதிரி பெரிய வேர்க்கட்டை. அதைப் பிடுங்க பிக் லிஸ்ஸி என்று ஒரு ராட்சத வண்டி, எடை 45 டன். மெல்பர்னில் செய்து வேறு ஊருக்குக் கிளப்பிக்கொண்டு போனதாம். மர்ரேயில் வெள்ளம், தாண்ட முடியாமல் இந்தக் கரையிலேயே தங்கிவிட்டது. இப்போது ஊர் நடுவில் பார்க்கில் நிற்கிறது. நம்ம ஊர்த் தேர் பக்கத்தில் நிறுத்தினாலும் குறையாகத் தெரியாது. போகும் வேகமும் தேர் மாதிரிதான்.

விக்டோரியா முழுக்க இப்படி நிலம் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் கடன் கட்ட முடியாமல் விட்டுவிட்டுப் போனார்கள். விவசாயமே தெரியாதவர்கள், நுரையீரலில் விஷவாயு வாங்கியவர்கள். அதே போரில் சண்டை போட்டுத் திரும்பிய பூர்வகுடிச் சிப்பாய்களில் இந்தத் திட்டத்தில் நிலம் கிடைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "அவர்கள் நிலத்தைத்தான் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்" என்று பெரியவரே ஒருநாள் சொன்னார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா, தமிழ்நாடு என்றேன். "தமிழா?" என்று நிமிர்ந்து பார்த்தார். அவர் அப்பா ரெண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் பிடிபட்டு, ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்தவர். கைதி முகாமைத் தாண்டிக் கூலிகள் முகாம். அதில் மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தமிழர்கள், காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்களாம். அந்த மனுஷன் ஊர் திரும்பி முப்பது வருஷம் திராட்சை போட்டார். ரயில் பாதையைப் பற்றி வீட்டில் சொன்னது அந்த ஒன்றுதான் என்றார் பெரியவர். நான் இங்கே வந்து சேர்வதற்கு எத்தனையோ வருஷம் முன்பே நம்ம ஜாதிப் பெயர் மாதிரி அந்த ஒரு வார்த்தை இந்த வீட்டுக்குள் வந்துவிட்டிருக்கிறது.

இவரும் பட்டாளம்தான். வியட்நாம். இவர் விரும்பிப் போகவில்லை. இருபது வயசுப் பையன்களின் பிறந்த தேதிகளுக்கு எண் போட்டுக் கோலிக்குண்டுகளை ஒரு மர உருளையில் சுற்றி எடுப்பார்களாம். குண்டு வந்தால் ரெண்டு வருஷம் ராணுவம். இவர் தேதி வந்தது, ஒரு நாள் முந்திப் பிறந்த பக்கத்து பிளாக் பையனுக்கு வரவில்லை. ஏறத்தாழ 60,000 ஆஸ்திரேலியர்கள் அந்தப் போருக்குப் போனார்கள், 500 பேருக்கு மேல் செத்தார்கள். திரும்பியபோது நாடே அந்தப் போர் வேண்டாம் என்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தது. இவர் வந்து இறங்கிய மறுநாள் கவாத்துக் கத்திரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டார். பெரியவரின் மனைவி, அந்த அம்மா சொன்னது இது. கணக்கு வழக்கு, வேலையாள் சம்பளம், பாங்க் எல்லாம் அவர்தான். மகன் மேற்கே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான், மகள் மெல்பர்னில் டீச்சர். ரெண்டு பேருக்கும் தோட்டம் வேண்டாம். சுற்றிலும் கொடியைப் பிடுங்கிவிட்டு பாதாம் வைக்கிறார்கள், இதுவும் ஒருநாள் அப்படிப் போகும்.

பழம் பழுக்கும் காலத்தில் பறவை விரட்டக் கேஸ் துப்பாக்கி வைப்பார்கள். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாக "டமார்" என்று வெடிக்கும். பெரியவர் அதை வைப்பதே இல்லை. தின்றது போக மிச்சம் போதும் என்பார். போன ஜனவரியில் பக்கத்துத் தோட்டத்தில் புதிதாக ஒன்று வைத்தார்கள். நாங்கள் சொட்டுநீர்க் குழாய் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் வெடி வெடித்ததும் அவர் கை அப்படியே குழாயில் நின்றுவிட்டது. ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் டிராக்டரை ஸ்டார்ட் பண்ணி, எங்கும் ஓட்டாமல், சும்மா உறும விட்டு மேலே உட்கார்ந்திருந்தார்.

அப்பா, தீபாவளி ராத்திரி நீங்கள் மோட்டார் ரூமுக்குப் போய்விடுவீர்கள். கரண்ட் எப்போது வருமோ, ஈரம் காய்ந்துவிடும் என்பீர்கள். ஐப்பசி மழையில் என்ன ஈரம் காயும்? சின்ன வயசில் எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்திருக்கிறது. ஊரில் எல்லா அப்பாவும் பிள்ளைகளோடு சரம் கொளுத்தும்போது எங்கள் மிலிட்டரிக்காரர் மட்டும் மோட்டார் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று.

துப்பாக்கியை மறுநாளே எடுத்துவிட்டார்கள். அந்த அம்மா போய் ஒரு வார்த்தை சொன்னாராம். பக்கத்துத் தோட்டக்காரர் யார் தெரியுமா? வியட்நாம்காரர். வாரா வாரம் ஒரு கட்டு கீரை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்.

நேற்று முன்தினம் ஆன்ஸாக் நாள். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் 1915இல் துருக்கியின் கல்லிப்போலியில் இறங்கிய ஏப்ரல் 25. போர் வீரர்களை நினைக்கிற நாள். விடிவதற்கு முன்பே நினைவுத் தூண் அருகில் ஊர் கூடுகிறது. பெரியவர் என்னையும் கூட்டிப்போனார். சட்டையில் ரோஸ்மேரித் துளிர், நல்ல குளிர். ஒரு பையன் பியூகிள் ஊதினான், அப்புறம் ஒரு நிமிஷம் நிசப்தம். முன்னால் வரச் சொல்லியும் பெரியவர் கடைசி வரிசையில் வேப்பமரம் மாதிரி அசையாமல் நின்றார். முடிந்ததும் ரம் ஊற்றிய காபி கொடுத்தார்கள். மிலிட்டரி கேன்டீன் சரக்கு ஞாபகம் வந்தது, சொன்னால் கோபிப்பீர்கள்.

வண்டியில் வரும்போது அந்த அம்மா சொன்னார். 1987 அக்டோபர் 3இல் சிட்னியில் வியட்நாம் வீரர்களுக்கு என்று காலம் கடந்து ஒரு வரவேற்பு ஊர்வலம் நடந்ததாம், இருபத்தைந்தாயிரம் பேர் நடந்தார்கள். இவருக்குக் கோட்டு இஸ்திரி போட்டு வைத்திருந்தார். "உறைபனி விழும், துளிர் கருகிவிடும்" என்று இவர் போகவில்லை. பனி விழுந்ததா என்று கேட்டேன். "இல்லை" என்றார் பெரியவர்.

அதே 87 அக்டோபரில்தான் இலங்கைக்குப் போன அமைதிப்படையோடு நீங்கள் பலாலியில் இறங்கினீர்கள். அந்த ஊர்ப் பெயர்கூட அம்மா சொல்லித்தான் தெரியும். திரும்பி வந்தபோது மாலையோடு யாரும் நிற்கவில்லை என்பதும் அம்மா சொன்னதுதான். தமிழ் பேசுகிற ஊருக்குள் துப்பாக்கியோடு நடந்தது எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே பேக்கிங் ஷெட்டில் என்னோடு ஒருவர் வேலை பார்க்கிறார், கிளிநொச்சிக்காரர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. "உங்கள் அப்பா என்ன செய்கிறார்" என்று அவர் கேட்டபோது, திராட்சைத் தோட்டம், முன்னே பட்டாளத்தில் இருந்தார் என்றேன். எங்கே இருந்தார் என்றார். காஷ்மீர் என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை, அங்கேயும் இருந்தீர்கள். ஆனாலும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியவர் உங்கள் மெடலை அனுப்பச் சொல்கிறார். இங்கே பிள்ளைகள் அப்பாவின் மெடலை வலப்பக்க மார்பில் குத்திக்கொண்டு வருவார்கள், அடுத்த வருஷம் நீயும் அப்படி வா என்றார். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். டிரங்குப் பெட்டியில் அது இன்னும் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றால் வேண்டாம்.

சின்னமனூர்ப் பையன் ஒருவன் ஜூனில் ஊருக்கு வருகிறான். பெரியவர் கையால் போட்ட கிஸ்மிஸ் ரெண்டு கிலோ அவனிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரு பிடி இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நம்ம வெயிலில் இந்தப் பதம் வருமா என்று எழுதுங்கள். அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறீர்களே இன்லண்ட் லெட்டர், அதில் எழுதினால் வெளிநாட்டுக்கு வராது. தபாலாபீஸில் கேட்டு வேறு கவர் வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்